ஓமுக்கும் யெஸ்ஸுக்கும் நடுவே

ஷூஹார்ன் என்று சொல்லிவிட்டு விசாரணை அதிகாரி மிசஸ் ஆல்டன் தேநீர்க் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். நல்ல மனுஷிதான். வந்தவுடன் இருவருக்கும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டவர், அறை குளிர்கிறதா என்று கேட்டவர், காலையிலிருந்து சின்னச் சின்ன வாக்கியங்களாக, ஒன்று முடிந்து அடுத்தது என்று இடம்விட்டுப் பேசிக்கொண்டு வந்தவர், இப்போது மட்டும் ஏன் இப்படி ஒரு சொல்லை எடுத்து மேசைமேல் போட வேண்டும் என்று மொழிபெயர்க்க வந்திருந்த செண்பகவல்லி நினைத்தாள். அகதி விண்ணப்பத்துக்கான முதல் நேர்காணலில் உங்கள் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை மிஸ்டர் கேதீஸ்வரன், இன்றைக்குத் திடீரென்று ஒரு தம்பி வருகிறார், உங்களோடு அவரும் பிடிபட்டார் என்கிறீர்கள், இறந்தும்போனார் என்கிறீர்கள், அவரை உங்கள் கதைக்குள் ஷூஹார்ன் பண்ணுகிறீர்களோ என்று எனக்குப் படுகிறது, அப்படித்தானா? இதுதான் கேள்வி. தம்பி வரைக்கும் தமிழில் சொல்லிவிட்டாள், இறந்துபோனார் வரைக்கும் சொல்லிவிட்டாள், உங்கள் கதைக்குள் என்றும் சொல்லியாகிவிட்டது, அதற்கப்புறம் நாக்கு நின்றுவிட்டது. எதிரே கேதீஸ்வரன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசை நடுவில் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. அவள் நிற்கிற இந்த நேரமும் அதற்குள் போய்க்கொண்டிருக்கும், பின்னால் யாராவது போட்டுக் கேட்டால் இந்த இடத்தில் ஒரு பெண் மூச்சுவிடுவது கேட்கும், ஏன் இவள் இங்கே நின்றாள், என்ன யோசித்தாள், யாருக்காக யோசித்தாள் என்று கேட்பார்கள்.

சொல் தெரியாமல் இல்லை. சாமானே தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவள் வேலை பார்த்தது செருப்புக் கடையில், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள், அவள் தரையில் மண்டிபோட்டுக்கொண்டு ஒவ்வொரு பிஞ்சுக் குதிகாலுக்கும் பின்னால் அந்த வளைந்த தகட்டை, கைப்பிடி இல்லாத கரண்டி மாதிரி இருப்பதை, வைத்துக் கொடுப்பாள், வழுக்கிக்கொண்டு கால் உள்ளே போய்விடும், ஒரு பிள்ளைக்காவது வலித்ததில்லை. காலுக்கு உதவத்தானே அது. கால் உள்ளே போக வேண்டும், செருப்பின் பின்பக்கமும் மடங்கக் கூடாது, இரண்டு பேருக்கும் நல்லது செய்கிற சாமான், அதைப் போய் இந்த வெள்ளைக்காரர்கள் எப்போது குற்றமாக ஆக்கினார்கள்? ஆக்கிவிட்டார்கள். இவர்களிடம் இப்படி எத்தனையோ கிடக்கின்றன. கடப்பாரையை எடுத்து ஒரு விஷயத்தை உள்ளே நெம்பினாய் என்பார்கள். வட்டக் குழியில் சதுர ஆப்பு என்பார்கள், அதைக் கோவில்பட்டியில் எட்டாம் வகுப்பிலேயே படித்து அர்த்தம் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், அந்த ஆப்பை அன்றைக்கும் பார்த்ததில்லை இன்றைக்கும் பார்த்ததில்லை. புறாக்கூண்டில் போட்டு அடைத்தாய் என்பார்கள், தொண்டைக்குள் இறக்கினாய் என்பார்கள். அதே ஆட்கள்தான் டாக்டர் கிளினிக் வரவேற்பு மேசையில் அன்பாகச் சிரித்துக்கொண்டு, இன்று இடமே இல்லை, ஆனாலும் உங்களை நடுவில் நெருக்கி நுழைத்துவிடுகிறேன் கண்ணே என்பதும். ஒரே காரியம்தான், இடம் இல்லாத இடத்தில் ஒன்றைப் போடுவது, அதைச் சிரித்துக்கொண்டு சொன்னால் உபகாரம், முறைத்துக்கொண்டு சொன்னால் பொய் என்று அர்த்தம். மிசஸ் ஆல்டன் எப்படிச் சொன்னார்? சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பொய் சொல்கிறீர்களா என்று கேட்டிருந்தால் பொய் சொல்றீங்களா என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். அவர் அப்படிக் கேட்கவில்லையே. கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது.

தமிழில் என்ன இல்லை? செருகு. செருகு என்றால் பூ, இடுப்பில் சேலை முந்தி, கூரையில் அரிவாள், சும்மா சின்னதாக ஒன்றை வைக்கிற மாதிரி ஆகிவிடும். செத்துப்போன தம்பியைப் பூ மாதிரி செருகினாய் என்று ஒரு மனிதனைப் பார்த்து எப்படிச் சொல்வது? நுழை. நுழை என்றால் திருட்டு வாடை. இட்டுக்கட்டுறீங்களா என்றால் தீர்ந்தது, அது நேரே பொய்தான். கேதீஸ்வரன் ஊரில், அவர்கள் பக்கம், சோடிச்சுச் சொல்றது என்பார்கள், அதுவும் அதேதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, வந்ததைக் கடித்து விழுங்கினாள். அவர்கள் பக்கம், அவர்கள் பக்கம் என்று காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருப்பதும் இதுதான். இவர் வன்னிக்காரர். அவள் கோவில்பட்டிக்காரி. இரண்டும் தமிழ்தானே என்று அனுப்பிவிடுகிறார்கள். போன வருஷம் ஒரு வயதான அம்மா, பறையாமல் இரு என்று மகன் தன்னை மிரட்டினதாகச் சொன்னபோது, பறை என்ற சொல்லில் இவள் தடுக்கி விழுந்து, பேசாமல் இரு என்றுதான் அர்த்தம் என்று பிடிபடுவதற்குள் மூன்று வாக்கியம் போய்விட்டது. நடுவில் குறுக்கிட்டு விளக்கம் சொன்னதற்கு மேலிடத்திலிருந்து கூப்பிட்டுப் பேசினார்கள். குழாய் மாதிரி இருங்கள், இந்தப் பக்கம் ஊற்றியது அந்தப் பக்கம் வர வேண்டும், குழாய் யோசிக்கக் கூடாது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கழிப்பறையில் உட்கார்ந்து அழுதாள். இன்னொரு முறை அப்படி ஆனால் கூப்பிட மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்லாமலே அவளுக்குக் கேட்டது. ஆகவே யோசிக்காதே, வல்லி, ஊற்று, எவ்வளவு நேரமாக நிற்கிறாய், அந்த அம்மாள் பேனாவை மூடித் திறக்கிறார். திணி. திணி நல்ல சொல். இந்தித் திணிப்பு என்று ஊரெல்லாம் சுவரில் எழுதியிருக்குமே, இடமில்லாத இடத்தில் வேண்டாத ஒன்றை வலுவாகக் கொண்டுவந்து போடுவது, சரியாக அதுதானே. "உங்கட கதைக்குள்ள," என்று மறுபடி பிடித்துக்கொண்டாள், "தம்பியத் திணிக்கிற மாதிரித் தெரியுது எண்டு கேக்கிறா. திணிக்கிறதா? அப்படித்தானா?"

கேதீஸ்வரனுடைய முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கைகள் மட்டும் தொடைகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. "ஓம்," என்றார்.

ஓம் என்றால் அவர்கள் பக்கம் ஆமாம். மிசஸ் ஆல்டனுக்கும் அந்த ஒரு சொல் தெரியும், வருஷக்கணக்காக இந்த வேலையில் இருக்கிறவர், ஓம் என்றதும் அவர் விரல்கள் தட்டச்சுப் பலகைக்கு மேலே தயாராக வந்து நின்றதை செண்பகவல்லி கடைக்கண்ணால் பார்த்துவிட்டாள். "ஓம் அக்கா. திணிச்சவங்கள்," என்றார் அவர். "லொறியிலை இரும்புப் பெட்டி. அதுக்குள்ளை எங்களைத் திணிச்சவங்கள். ஆடு மாடு மாதிரி. கதவைச் சாத்த ஏலாமல், முதுகிலை காலை வச்சுத் தள்ளிச் சாத்தினவங்கள். தம்பி எனக்கு முன்னாலை நிண்டவன்." அத்தோடு நிறுத்திக்கொண்டு, நீ சொல்லு என்பதுபோல அவளைப் பார்த்தார்.

யெஸ். அவள் சொல்ல வேண்டிய முதல் சொல் அதுதான். அது வாய்க்குள் வந்து நின்றது, வழுவழுவென்று, மாத்திரை மாதிரி. மிஸ்டர் கேதீஸ்வரன், செத்துப்போன தம்பியைக் கதைக்குள் வேண்டுமென்றே போட்டீர்களா? யெஸ். இந்தப் பக்கம் ஊற்றியது அந்தப் பக்கம் வந்தாகிவிட்டது, குழாய் தன் வேலையைச் செய்துவிட்டது, ஒருவரும் அவளைக் கூப்பிட்டுப் பேச மாட்டார்கள். மிச்சத்தையும் சேர்த்துத்தானே சொல்லப் போகிறாய், லொறியைச் சொல்வாய், பெட்டியைச் சொல்வாய், கேட்டதற்கும் பதிலுக்கும் பொருந்தவில்லையே என்று அந்த அம்மாளே கண்டுபிடிக்க மாட்டாரா? கண்டுபிடிக்கலாம். கண்டுபிடிக்காமலும் இருக்கலாம். ஒப்புக்கொண்டார், பிறகு பேச்சை மாற்றினார் என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம். அந்தத் தாளை இன்னொருவர் இன்னொரு ஊரில் உட்கார்ந்து படிப்பார், அவருக்கு இந்த மனிதருடைய கை மேசை விளிம்பைப் பிடித்திருப்பது தெரியாது, அவருக்கு யெஸ் மட்டும்தான் தெரியும். அதற்கப்புறம் திருப்பி அனுப்புகிற ஒரு விமானம். அது நடந்ததா இல்லையா என்றுகூட அவளுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்குப் பேசியிருக்கிறாள், ஒருவருக்குக்கூட என்ன ஆயிற்று என்று தெரியாது. பேருந்தில் போகும்போது எதிர்ச் சீட்டில் யாராவது தமிழ் முகமாக இருந்தால் அந்த ஆளோ, விட்டுவிட்டார்களோ என்று பார்ப்பாள், பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஆனால் இது அப்படி இல்லையே, இது அவர் சொன்ன யெஸ் கிடையாதே, இது நீ கொடுத்த சொல்லுக்கு வந்த யெஸ், நீ திணி என்று கொடுத்தாய், அவர் அதைப் பிடித்துக்கொண்டு நேரே அந்தப் பெட்டிக்குள் போய்விட்டார். அவர் எங்கே போவார்? அவருக்கு அந்தச் சொல்லுக்கு வேறு வீடு ஏது? உனக்குச் சுவரில் எழுதின இந்தி, அவருக்கு முதுகில் ஒரு பூட்ஸ் கால்.

உள்ளங்கை வியர்த்துவிட்டது. வியர்த்த கையைச் சேலையில் துடைக்கிற பழக்கத்தில் தொடையில் தேய்த்தாள், கால்சட்டைத் துணி சொரசொரவென்று பட்டது. அந்தச் சொரசொரப்பில், எங்கிருந்தென்று தெரியாமல், தீக்குச்சி மருந்து வாடை அடித்தது. லீவு நாட்களில் அம்மாவோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் பெட்டி அடைப்பாள், குச்சிகளை ஒரு கைக்கு அள்ளித் தலையெல்லாம் ஒரே பக்கமாக வைத்துப் பெட்டிக்குள் தள்ள வேண்டும். வேகமாக அடைக்கிற பெண்களைப் பார்த்து இவளும் வேகம் காட்டி, கொள்ளாத பெட்டிக்குள் இன்னும் நாலு குச்சியைப் பெருவிரலால் அழுத்துவாள். ஏட்டி, நெருக்காத, நெருக்குனா பத்திக்கிரும் என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் இருந்த முத்துப்பேச்சியின் கையில் ஒரு பெட்டி பளிச்சென்று எரிந்தது. சத்தமே இல்லை. ஒரு வெளிச்சம்தான். முத்துப்பேச்சி கத்தக்கூட இல்லை, கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது யாருடைய கை என்று கேட்கிற மாதிரி. எல்லாரும் எழுந்து ஓடினார்கள், அம்மா முத்துப்பேச்சியை நோக்கி ஓடினாள், வல்லி வாசலை நோக்கி ஓடினாள். அது ஏன் இப்போது, அதற்கும் இதற்கும் என்ன, யோசிக்காதே, எவ்வளவு நேரம் ஆகிவிட்டது, மிசஸ் ஆல்டன் தலையைச் சாய்க்கிறார், இன்டர்ப்ரெட்டர் என்று மெல்லக் கூப்பிடுகிறார், எல்லாம் சரிதானா? சரி இல்லை. நான் சொன்ன சொல் தப்பு என்று சொன்னால் அது பதிவாகும். காலையிலிருந்து இவள் சொன்ன மற்றதெல்லாம் சரியா என்ற கேள்வி வரும், நேர்காணலையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள், இந்த மனிதர் இன்னும் பல மாதம் காத்துக்கிடந்து, திரும்பவும் முதலிலிருந்து, வேறு யாரோ ஒருவர் முன்னால் அந்தப் பெட்டிக்குள் போய் நிற்க வேண்டும். அவருக்கு நல்லது செய்கிறேன் என்று அவர் தலையிலேயே மண்ணைப் போட்டால்? யெஸ் என்று சொல்லிவிடு. இல்லை. யெஸ் என்பது இரண்டு எழுத்து. இரண்டு எழுத்துக்குள் அந்தப் பையன் செத்துவிடுவான், ஏற்கெனவே செத்தவன், இரண்டாந் தடவை. கை தானாக மேலே போயிற்று, எட்டாம் வகுப்பில் தூக்குகிற மாதிரி, சுட்டுவிரலோடு.

"மன்னிக்கணும்," என்றாள் ஆங்கிலத்தில். குரல் அவளுக்கே அந்நியமாக, கிழவி குரலாகக் கேட்டது. "இப்போது பேசுவது மொழிபெயர்ப்பாளர், விண்ணப்பதாரர் அல்ல. ஷூஹார்ன் என்பதற்கு நான் சொன்ன தமிழ்ச் சொல்லுக்கு ஆட்களை ஓரிடத்தில் அடைப்பது என்றும் பொருள் உண்டு. அவர் அதற்குத்தான் பதில் சொன்னார். உங்கள் கேள்வி அவருக்குப் போய்ச் சேரவில்லை. பிழை என்னுடையது." அப்புறம் அவர் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே சொன்னாள், ஓமையும் சேர்த்து, லொறி, பெட்டி, ஆடு மாடு, முதுகில் கால், முன்னால் நின்ற தம்பி. ஆங்கிலத்தில் தான் சொன்னது என்ன என்று கேதீஸ்வரனிடமும் தமிழில் சொன்னாள், அப்படிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மிசஸ் ஆல்டன் தட்டிக்கொண்டிருந்தார். என்ன தட்டுகிறார்? அவளைப் பற்றித்தான் தட்டுவார். தட்டி முடித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது," என்றார். "இப்படிக் கேட்கிறேன். முதல் முறை தம்பியைப் பற்றி ஏன் சொல்லவில்லை?" அவ்வளவுதான். குழந்தைக்குக்கூடப் புரிகிற கேள்வி. இதைத் தமிழாக்க ஒரு கணம்கூட ஆகவில்லை, அவ்வளவு எளிதாக இருந்ததே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது, ஏனென்றால் இனி சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, இந்தக் கேள்விக்கு அவர் கையில் பதில் இல்லையென்றால் அது பதில் இல்லாததுதான்.

கேதீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். "அண்டைக்கு மொழிபெயர்த்த ஐயா எங்கட பக்கத்து ஆள்," என்றார். "கதைக்கிற விதத்திலை தெரிஞ்சுது. வெளியிலை இருக்கேக்கை எந்த ஊரெண்டு கேட்டவர். நான் சொன்னனான். எங்கட பள்ளிக்கூடம் அவருக்குத் தெரிஞ்சிருந்தது. பெரிய வாத்தியாரின்ரை பேரையும் சொன்னார். நல்ல மனுசனா இருக்கலாம். ஆனா அம்மா இன்னும் அங்கைதான் இருக்கிறா. தம்பி எங்கையோ வெளிநாட்டிலை இருக்கிறான் எண்டுதான் ஊரிலை சொல்லி வைச்சிருக்கிறா. செத்தவன்ரை கதை வெளியிலை போனா எங்களைப் பிடிச்சவங்கள் அம்மாட்டை வந்து கேப்பாங்கள், ஆர் சொன்னது எண்டு. நான் பயந்திட்டன்." பிறகு நிமிர்ந்து அவளைக் காட்டினார். "இந்த அக்கா கதைக்கிற விதம் வேறை. இந்தியாக்காரி. எங்கட ஊரிலை ஒருத்தரையும் இவவுக்குத் தெரியாது. அதாலை சொல்லுறன்."

மொழிபெயர்ப்பவர் நான் என்றுதான் பேச வேண்டும், அவர் சொன்னார் என்று பேசக் கூடாது. ஆகவே செண்பகவல்லி ஆங்கிலத்தில், நான் பயந்துவிட்டேன் என்றாள். இந்தப் பெண்மணி வேறு நாட்டவர், என் ஊரில் யாரையும் அவருக்குத் தெரியாது, அதனால்தான் இப்போது சொல்கிறேன் என்றாள். தன்னைத்தானே இந்தப் பெண்மணி என்று சொல்லி, தன்னையே கையால் காட்ட வேண்டியிருந்தது. சொல்லும்போதே அவளுக்கு வேறொன்று உறைத்தது. இவர் இவ்வளவு நேரமும் பயந்தது அந்த அம்மாளுக்கு இல்லை. நமக்கு. நம்முடைய வாய்க்கு. உள்ளே வந்ததும் வணக்கம் என்று சொன்னபோது ஏன் அப்படி உற்றுக் கேட்டார், ஏன் இவளைப் பேசவிட்டுப் பேசவிட்டுப் பார்த்தார், இவள் என்னடாவென்றால் நம் தமிழ் அவருக்குப் புரியவில்லையோ என்று புழுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவர் நாக்குக்கு ஒருவர் நடுங்கியிருக்கிறோம். அந்த ஐயாவும், பாவம், ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷத்தில் பள்ளிக்கூடத்தை விசாரித்திருப்பார். ஒரு பிரியமான கேள்வி, அதில் ஒரு தம்பி காணாமல் போய்விட்டான்.

"தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றார் மிசஸ் ஆல்டன். கண்ணாடியை அவர் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"உயரம்," என்றார் கேதீஸ்வரன். "என்னிலும் உயரம். எங்கட வீட்டிலை ஒருத்தரும் அப்பிடி இல்லை. பள்ளிக்கூடத்திலை கூடைப்பந்து விளையாடினவன். அந்தப் பெட்டி பதிவு, உயரம் காணாது. எனக்குத் தலை தட்டேல்லை. அவனுக்குத் தட்டினது. குனிஞ்சுதான் நிண்டவன், கழுத்தை இப்பிடி வைச்சு." அவர் தன் தலையைத் தோள்பக்கம் மடித்துக் காட்டினார். மடித்தது மடித்தபடி இருந்தது. "வழி முழுக்க அப்பிடியே. நிமிர இடமில்லை. கொஞ்சம் நிமிரட்டோ அண்ணா, கொஞ்சம் நிமிரட்டோ எண்டு கேட்டுக்கொண்டு இருந்தவன். நான் என்ன செய்ய? எனக்கு ஏலுமெண்டா நிமிரச் சொல்லியிருப்பன்." வாய் இன்னும் அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. தலையை இன்னும் அவர் நேராக்கவில்லை.

செண்பகவல்லி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டால், லோ, பெண்ட், எல்லாம் சின்னச் சொற்கள், ஒவ்வொன்றாகப் போய் விழுந்தன. நிமிரட்டோ என்பதை, மே ஐ என்று சொன்னாள், அண்ணா என்பதை அண்ணா என்றே விட்டாள். அவள் குரலும் சுருங்கிச் சுருங்கி வந்து கடைசியில் காற்றாகத்தான் போயிற்று, அதற்காகவும் பயந்தாள், மொழிபெயர்ப்பவர் அழக் கூடாது. தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. மிசஸ் ஆல்டன் தண்ணீர்க் குவளையை எடுத்து மேசைக்குக் குறுக்கே கேதீஸ்வரன் பக்கம் நகர்த்திவிட்டு, டேக் யுவர் டைம் என்றார்.

இது என்ன, உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்களா? அப்படியா சொல்வது? ஒரு நொடி பழைய நடுக்கம் வந்து எட்டிப் பார்த்தது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. "ஆறுதலாச் சொல்லுங்கோ," என்றாள்.

சொல்லிய பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. அவர்கள் பக்கம் அதற்கு மெதுவாக, அவசரமில்லாமல் என்று அர்த்தம், எங்கேயோ எப்போதோ காதில் வாங்கிவைத்தது. அவள் ஊரில் அந்தச் சொல்லைச் சாவு வீட்டில்தான் சொல்வார்கள். கேதீஸ்வரன் அவளைப் பார்த்தார். பிறகு கழுத்தை, ஒரு பக்கமாக மடிந்திருந்ததை, கொஞ்சம் கொஞ்சமாக நேரே கொண்டுவந்து, தண்ணீரைக் குடித்துவிட்டு, சொல்லத் தொடங்கினார்.